வால்யூமைக் குறையுங்கள்

பூந்தமல்லிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. ஊருக்குப் பக்கத்தில் சுமார் 150 ஏக்கரில், தனியார் பங்களிப்போடு, 500 கோடி ரூபாயில் அதிநவீனத் திரைப்பட நகரம் வரும் என்று 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தார்கள். விஎஃப்எக்ஸ் உண்டு, அனிமேஷன் உண்டு, எல்இடி சுவர் உண்டு, ஐந்து நட்சத்திர ஓட்டல்கூட உண்டு. கதை எழுதுகிறவன் உட்கார ஒரு நாற்காலி உண்டா என்று தேடினேன். அறிவிப்பில் காணோம்.

"ஏன்யா இப்படியெல்லாம் படம் எடுக்கறானுங்க?" என்று, மோசமான படத்தைப் பார்த்துவிட்டு வந்து கரையான்சாவடி டீக்கடையில் கேட்கிறார்கள். பாவம், நல்ல படம் எடுக்கப் போய் கை தவறிவிட்டதாக நினைக்கிறார்கள். கையெல்லாம் தவறவில்லை. தொழில் நடக்கிற முறையே அதுதான். முதலில் ஹீரோவின் தேதி. தேதி கிடைத்தால் டைரக்டர். இரண்டும் சேர்ந்தால் அதற்குப் பெயர் காம்பினேஷன். அதைக் காட்டி ஃபைனான்சியரிடம் வட்டிக்குப் பணம். போஸ்டர் வந்ததும் ஆடியோ, சாட்டிலைட், ஓடிடி என்று உரிமைகளுக்கு விலை பேசுவார்கள். கதையா? "ஒன்லைன் இருக்கு சார், மீதிய ஸ்பாட்ல பாத்துக்கலாம்." அதற்குள் வட்டி ஓட ஆரம்பித்திருக்கும். செகண்ட் ஹாஃப் தேறாது என்று உதவி இயக்குநருக்குத் தெரியும், எடிட்டருக்குத் தெரியும், யூனிட்டுக்கு டீ கொண்டுவருகிற பையனுக்கும் தெரியும். சொன்னால் அடுத்த படத்தில் வேலை இருக்காது. எனவே எல்லோரும் சேர்ந்து "சூப்பர் சார்" என்கிறார்கள்.

மகனை ஹீரோவாக்க நிலத்தை விற்றுப் படமெடுத்து, காலைக் காட்சி மட்டும் ஓட்டிவிட்டுப் போகிறவர்களை விட்டுவிடலாம். அவர்கள் கெடுப்பது சொந்தக் காசை. பெரியவர்களைப் பார்ப்போம்.

2,000 கோடி வசூலிக்கும் என்று தயாரிப்பாளரே சொன்ன 'கங்குவா' 2024 நவம்பர் 14 அன்று வந்தது. காது கிழிகிறது என்று ஜனம் அலறியது. தயாரிப்பாளர் கண்டுபிடித்த வைத்தியம்: தியேட்டர்காரர்கள் வால்யூமை இரண்டு பாயிண்ட் குறைக்க வேண்டும். படத்தின் கோளாறை ஆபரேட்டர் ரூமில் திருகிச் சரிசெய்யலாம் என்பது உலக சினிமாவுக்கு நாம் தந்த கொடை.

அதே ஆண்டு ஜூலை 12 அன்று 'இந்தியன் 2'. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். வெளியான சில நாளில் 12 நிமிடத்தை வெட்டினார்கள். பேப்பரிலேயே வெட்டியிருந்தால் ஒரு பேனாவோடு செலவு முடிந்திருக்கும். 'கோ பேக் இந்தியன்' என்று படத்துக்குள்ளேயே கூட்டம் கோஷம் போட்டது, ரசிகருக்கு அந்த வேலையும் மிச்சம்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அந்தப் படத்துக்கும் இந்த ஊருக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஈவிபி ஃபிலிம் சிட்டியில், அந்தப் படத்தின் செட்டில், ராட்சத விளக்குகளைத் தாங்கிய கிரேன் சாய்ந்தது. உதவி இயக்குநர் ஒருவர் உட்பட மூன்று பேர் செத்தார்கள். பலர் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நிவாரணம் அறிவித்தார்கள், ஹீரோ தன் பங்குக்கு ஒரு கோடி என்றார். அடுத்த ஆண்டு தயாரிப்பு நிறுவனமும் டைரக்டரும் உயர் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டார்கள். பிறகு சமாதானம், பிறகு மீண்டும் ஷூட்டிங், எடுத்தது அதிகமாகிவிட்டதால் மூன்றாம் பாகம். மூன்று பேர் எந்தக் காட்சிக்காகச் செத்தார்கள்? அந்தக் காட்சி படத்தில் இருக்கிறதா, வெட்டிய 12 நிமிடத்தோடு போனதா, மூன்றாம் பாகத்துக்கென்று ஹார்டு டிஸ்கில் கிடக்கிறதா? அடுத்த ஷெட்யூலுக்கு விடிகாலையில் வேன் ஏறி நசரேத்பேட்டைப் பக்கம் வருகிற லைட்மேனுக்கு யார் சொல்வார்?

இத்தனைக்கும் பிறகு நம் தயாரிப்பாளர்கள் ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்டார்கள். தியேட்டர் வாசலில் மைக்கைப் பார்த்து "மொக்கை" என்று சொன்ன ஆள்தான் அது. 2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் சங்கம் அறிக்கை விட்டது. படம் வெளியாகி மூன்று நாளைக்கு விமர்சனமே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஏன் மூன்று நாள்? வெள்ளி, சனி, ஞாயிறு. விஷயம் வெளியே தெரிவதற்குள் நம் பையைத் துழாவி முடிக்க அந்த அவகாசம் போதும். மல்டிபிளெக்ஸில் டிக்கெட்டுக்கு அரசு விதித்த உச்சவரம்பு 150 ரூபாய், வரி தனி. பாப்கார்னுக்கு உச்சவரம்பே கிடையாது.

அவர்கள் கேட்டது நியாயமான கோரிக்கை என்றே எனக்குப் படுகிறது. மூன்று நாள்தானே, கொடுத்துவிடுவோம். அடுத்த பெரிய காம்பினேஷன் வரும்போது வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் யாரும் எதுவும் பேச வேண்டாம், எழுத வேண்டாம், முக்கியமாக முன்பதிவு செய்ய வேண்டாம். திங்கட்கிழமையும் படம் தியேட்டரில் இருந்தால் போய்ப் பாருங்கள்.