ஓரிரு இடங்களில்

'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்' என்று நுங்கம்பாக்கம் வானிலை மையத்திலிருந்து அறிவிப்பு வந்ததும், எந்த ஓரிரு இடம் என்று சென்னைவாசி எரிச்சலாவார். இடிமேகம் சில மணி நேரத்தில் திரண்டு கலைவது. தெருப் பெயர் கேட்பது அநியாயம். தண்ணீர் எங்கே நிற்கும் என்பதற்கோ ராடாரே வேண்டாம். 2005, 2015, 2023 வெள்ளங்களில் வேளச்சேரி தவறாமல் ஆஜராகியிருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று மையமே எதிர்பாராத மழை கொட்டியதே என்பீர்கள். உண்மைதான்; அன்றும் மூடப்பட்டவை வழக்கமான சுரங்கப்பாதைகள்தானே! 2015இல் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்த 49 செ.மீ. எந்த வடிகாலுக்கும் அதிகம் என்பதும் நியாயமே. ஆனால் வெள்ளநீரைத் தாங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டியதும் கட்டடம் எழுப்பியதும் வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு நிலை அல்லவே. அதற்கான மஞ்சள் எச்சரிக்கையைப் பத்திரப்பதிவு அலுவலகம் விடுத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.