குட்டைத் திடலும் கொடிசியா மைதானமும்

எங்கள் ஊரில் கோயில் நோம்பி சாட்டியதும் வீதியில் கிளம்பும் முதல் கேள்வி, "இந்த வருசம் எந்த ஆர்க்கெஸ்ட்ராவாமா?" என்பதாகத்தான் இருந்தது. உடுமலைப்பேட்டை மாரியம்மன் கோயில் தேர், பங்குனியும் சித்திரையும் கூடும் வெயிலில் வரும். கம்பம் போட்டு, பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கத் தொடங்கியதும் குட்டைத் திடலில் ராட்டினக்காரர்கள் இரும்பை இறக்குவார்கள். கூடவே பலகையும் சவுக்குக் கட்டையும் வந்து சேர்ந்தால் மேடை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பாயை எங்கே விரிப்பது என்று பெண்கள் அன்றைக்கே பேசி வைத்துக்கொள்வோம். நான் சொல்வது எண்பதுகளின் கதை.

கச்சேரிக்குக் காசு கிடையாது. வீட்டுக்கு வீடு வரி வாங்கியிருப்பார்கள், மில்காரர்களும் மண்டிக்காரர்களும் அவரவர் வசதிக்குக் கொடுத்திருப்பார்கள். அதனால் பாடுகிறவர் சரியாகப் பாடவில்லை என்றால் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று ஊர் நம்பியது. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மைக் டெஸ்டிங் தொடங்கும். முதலில் பிள்ளையார். அடுத்து டி.எம்.எஸ். குரலில் முருகன். பழனி மலை பக்கத்தில் இருக்கிற ஊரில் முருகன் பாட்டில் சுருதி விலகினால் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். அந்தச் சோதனையில் தேறிய பிறகுதான் எம்.எஸ்.வி., சுசீலா, அதன் பிறகு நடுச்சாமம் தாண்டியும் இளையராஜா.

அப்பா நூல்மில்லில் வேலை பார்த்தார். நோம்பி சமயத்தில் இரண்டாம் ஷிப்ட் மாட்டிக்கொண்டால் எங்கள் எல்லோருக்கும் கவலையாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டதும் தலையில் பஞ்சோடு நேராகத் திடலுக்கே வந்துவிடுவார். அவருக்குப் பாதிக் கச்சேரி மிச்சம் இருக்கும். அவரைப் போலவே முப்பது நாற்பது பேர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பின்னால் நிற்பார்கள். மில்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று மேடைக்கும் தெரியும். அந்நேரத்துக்கென்று நல்ல பாட்டாக இரண்டு எடுத்து வைத்திருப்பார்கள்.

காங்கோ வாசிக்கிறவரின் விரல்களில் வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருக்கும். நேற்று ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர் என்று தை முதல் வைகாசி வரைக்கும் அடித்த கை. முன்வரிசையில் உட்கார்ந்தால் பிளாஸ்திரி அழுக்கேறி ஓரம் கிளம்பியிருப்பது வரைக்கும் பார்க்கலாம். வயலின் கூட்டம் முழுவதையும் ஒரே ஆள் கீபோர்டில் வாசிப்பார். புல்லாங்குழல்காரர் இடையில் இறங்கி வந்து எங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.

பாட்டுக் கேட்டு எழுதி அனுப்பும் சீட்டு தனிக் கதை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், சிகரெட் பெட்டியின் உள்தாள், நோட்டுப் புத்தகக் கிழிசல் என்று எது கிடைக்கிறதோ அதில் எழுதி, கைக்குக் கை மாற்றி மேடைக்கு அனுப்ப வேண்டும். அறிவிப்பாளர் பேரையும் வீதியையும் படித்துவிட்டுப் பாட்டைச் சொல்வார். பெண்பிள்ளைகளின் பேர் மைக்கில் வரக்கூடாது. நான் எழுதியனுப்பிய சீட்டிலெல்லாம் தம்பி பேர்தான் இருக்கும். அவனுக்குப் பிடிக்காத பாட்டெல்லாம் அவன் பேரில் பாடப்பட்டது. எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது. ஆண் பெண் பிரிக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண்கள் உட்கார்ந்தோம். இளவட்டங்கள் எழுந்து ஆடத் தொடங்கியதும், "போதும், எந்திரிங்க" என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். ரஜினி பாட்டுக்கும் கமல் பாட்டுக்கும் நடந்த சண்டையில் நாற்காலி பறந்ததும் உண்டு, போலீஸ் தடியை எடுத்ததும் உண்டு. அந்தக் காலத்தைத் தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது உடுமலை நாராயணகவி ஊர். பக்கத்தில் பூளவாடியில் 1899இல் பிறந்தவர். 'பராசக்தி'யில் சி.எஸ். ஜெயராமன் பாடிய காக்கைப் பாட்டு அவர் எழுதியது. கவிராயர் 1981இல் காலமானார். அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு நோம்பியில் வெளியூர்க் குழு ஒன்று அந்தப் பாட்டை எடுத்தது. எழுதியவர் உங்கள் ஊர்க்காரர் என்று அறிவிப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் திடலே எழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பாட்டி ஒருத்தி முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு ரூபாயை அவிழ்த்து மேடைக்குக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் குழாயடியில் பேச்சு அதுதான். தளியில் போன வாரம் வந்த குழு நன்றாக இருந்ததா, கணியூரில் அடுத்த வெள்ளிக்கிழமை வரப்போவது யார், கொழுமத்தில் எஸ்.பி.பி. குரல் பாடியவன் இங்கே வருவானா என்று ஊர் ஊராகக் கணக்கு ஓடும். போய்ப் பார்த்த கச்சேரியும் போகப்போகிற கச்சேரியும் இல்லாமல் அந்த நோம்பி மாதங்களில் யாருக்கும் பேச்சே இல்லை.

பிறகு என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொண்ணூறுகளுக்குப் பிறகு நிறைய ஊர்களில் பாட்டுக் குழுவின் இடத்தை ஆடல் பாடல் நிகழ்ச்சி பிடித்துக்கொண்டது. அதற்குப் பெண்கள் போவதில்லை என்று ஆயிற்று. ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை 2005இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. படிக்கிற பிள்ளைகளையும் நோயாளிகளையும் நினைத்தால் அந்த விதி நியாயமானது. ஆனாலும் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் ஆளுக்கு இனிக் கச்சேரியே கிடையாது என்பதும் அன்றைக்கே முடிவாகிவிட்டது. வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு விலக்குத் தரலாம் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. எங்கள் நோம்பிக்கும் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம் கொரோனா. 2020இலும் 2021இலும் சரியாகத் திருவிழாக் காலத்தில் எல்லாம் நின்றது. ஒரு வருஷச் சம்பாத்தியத்தை நாலைந்து மாதத்தில் பார்க்கிற கலைஞர்களுக்கு இரண்டு பருவம் போனது. அந்த 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. இறந்தபோது நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் நாங்கள் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தோம். எஃப்.எம்.மில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வரும்வரை பவர்டேபிள் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சூப்பர்வைசர் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் வேலை பார்ப்பதும் அதே செக்கிங்தான். உடுமலைப் பக்கமிருந்து பல்லடம் வழியாகத் திருப்பூர் போகும் கம்பெனி வேனில் ஏறினால் இளம்பெண்கள் பேசுவது குழாயடியில் நாங்கள் பேசியதைத்தான். அனிருத் கச்சேரிக்குப் போன தோழி அனுப்பிய வீடியோ, யுவன் எப்போது கோயமுத்தூர் வருவார், சித் ஸ்ரீராம் நேரில் எப்படிப் பாடினார். ஒரே வித்தியாசம், பேசுகிறவர்களில் போய்ப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. போனில் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

போன வருஷம் எங்கள் டேபிளுக்குக் கறுப்பு டி-சர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. வெளிநாட்டு இசைக்குழு ஒன்றின் சுற்றுப்பயணத்துக்கானது. நெஞ்சில் படம், முதுகில் மேலிருந்து கீழாக ஊர்ப்பேர்களும் தேதிகளும். எல்லாம் இனிமேல் நடக்கப்போகிற கச்சேரிகள். பிசிறு வெட்டி, ஓட்டையும் கறையும் பார்த்து, பிரிண்ட் உரிகிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்து மடிக்க வேண்டும். கணியூர்ப் பெண் ஒருத்தி ஒவ்வொரு உருப்படியிலும் அந்தத் தேதிகளைப் படித்துக்கொண்டே மடித்தாள். இரண்டாம் நாள் அவளுக்கு வரிசை மனப்பாடம். "ஏனுங்கக்கா, இவங்கெல்லாம் ஆறு மாசம் முன்னாடியே எங்க பாடப் போறோம்னு முதுவுல அடிச்சுடறாங்களா? நம்மூருக்கு எந்த முதுவுல அடிப்பாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

நானும் போய்ப் பார்த்தேன். மகள் சம்பாதிக்கத் தொடங்கியதும், "நீ எத்தன வருசமா சொல்லீட்டே இருக்கே, வாம்மா" என்று கோவை கொடிசியா மைதானத்துக்கு இளையராஜா கச்சேரிக்குக் கூட்டிப் போனாள். உடுமலையிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். சீட்டுக்கு அவள் கொடுத்த பணத்தை என்னிடம் சொல்லவில்லை. 500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அங்கே கேட்டதை நான் குறைத்துச் சொன்னால் பாவம். குட்டைத் திடலில் ஒரே கீபோர்டில் கேட்ட இடத்தை வயலின்கள் வரிசையாக எடுத்து வாசித்தபோது, நான் இத்தனை வருஷமும் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. பேஸ் கிட்டார் போகிற வழி காலுக்கடியில் தெரிந்தது. பிசகு நேர்ந்தால் ராஜா பாட்டை நிறுத்திவிட்டு முதலிலிருந்து எடுக்கச் சொல்வார். கூட்டம் அதற்கும் கைதட்டுகிறது. அவர் 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றிய செய்தி வந்தபோது, அந்த நிறுத்தல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேல், என் மகள் எழுந்து நின்று கையை உயர்த்திப் பாடினாள். அவளைச் சுற்றிலும் அவள் வயதுப் பெண்கள். யாரும் யாரையும் "போதும், எந்திரி" என்று சொல்லவில்லை. அதற்காகவே எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஆனால் எங்கள் வேனில் வருகிற யாரும் அங்கே இல்லை. கொடுக்கிற காசுக்குத் தக்கபடி மைதானம் தடுப்புத் தடுப்பாகப் பிரிந்திருந்தது. கடைசித் தடுப்பில் நிற்கவே எங்கள் பெண்களுக்கு இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும். பாடகரின் முகம் திரையில்தான். கச்சேரி முடிந்து உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் அந்நேரத்துக்கு உடுமலைப் பக்கம் பஸ் குறைவு. கார் இல்லாத பெண் எப்படி வருவாள்?

தடுப்பு போட்டுவிட்டால் கூட்டம் அடங்கிவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நடந்தபோது, காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் சிக்கிப் பெண்கள் அழுத வீடியோக்களை உலகமே பார்த்தது. ரஹ்மான் அதைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார், பணமும் திருப்பித் தரப்பட்டது. அடுத்த வருஷம் பிப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் கச்சேரி. அங்கே கட்டணப் பகுதியும் இலவசப் பகுதியும் தனித்தனி. பின்னால் நின்றவர்கள் தடுப்பை உடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்கள். ஒழுங்கில்லாத கூட்டம் என்று நிறையப் பேர் திட்டினார்கள். எனக்கு அப்படித் திட்ட மனசு வரவில்லை. இத்தனை யுத்தத்தையும் பார்த்த ஊரில், பாட்டுக் கேட்க வந்தவனைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிறுத்தினால் அவன் எத்தனை நேரம் நிற்பான்?

குட்டைத் திடலுக்கும் நல்லது நடந்திருக்கிறது. கொங்கு நாட்டில் ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்தவர் பத்திரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்றைக்கு எங்கள் பக்கத்து ஊர்களில் நோம்பி என்றால் பெண்களும் பிள்ளைகளும் ஒரே நிறச் சேலை கட்டி, நூற்றுக்கணக்கில் இறங்கி ஆடுகிறார்கள். பேரை மைக்கில் சொல்லக்கூடாது என்றிருந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பெண்களை மேடைக்கு முன்னால் கொண்டுவர முடிந்த ஊருக்கு, நல்ல வாத்தியக் குழு ஒன்றை மேடையில் ஏற்றவும் முடியும்.

ஆட்கள் இல்லாமல் போய்விடவில்லை. பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் கீபோர்டும் தபலாவும் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வரவேற்பில் டிராக்கைப் போட்டுவிட்டு இரண்டு பேர் பாடினால் போதும் என்று ஆனதால், வாசிக்கிறவர்களில் பலர் பகலில் வேறு வேலைக்குப் போகிறார்கள். தபலா வாசிக்கிற ஒருவரை எங்கள் கம்பெனி அயர்னிங் டேபிளிலேயே பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அட்டைப் பெட்டியின் மேல் அவர் போட்ட நடையைக் கேட்டு நாலு லைன் பெண்களும் வந்து நின்றுவிட்டார்கள்.

அங்கேதான் பேச்சு தொடங்கியது. நோம்பிக் கமிட்டியில் பாட்டுக் குழு வைக்கச் சொல்லிக் கேட்டோம். வாணவேடிக்கைக்கும் செண்டை மேளத்துக்கும் ஒதுக்கியதுபோக மிச்சம் இல்லை என்றார்கள். சரி, குழுவுக்கான பணத்தை நாங்களே பிரிக்கிறோம், மேடையும் ஆறரை மணியிலிருந்து பத்து மணி வரை நேரமும் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். சனிக்கிழமைச் சம்பளத்தில் வாரம் இருபது ரூபாய் என்று வேனில் ஆரம்பித்தது, இப்போது மூன்று வேன்களில் ஓடுகிறது. கணக்கு நோட்டு கணியூர்ப் பெண்ணிடம் இருக்கிறது. டிராக் கூடாது, ஆள்தான் வாசிக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. தடுப்பு கூடாது, சீட்டெழுதிக் கொடுத்தால் எழுதியவள் பேரைத்தான் படிக்க வேண்டும் என்பது அடுத்தவை.

பாட்டு வரிசையில்தான் இன்னும் உடன்பாடு வரவில்லை. அனிருத் பத்தாவது வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். கவிராயர் பாட்டு ஒன்றும் டி.எம்.எஸ். மூன்றும் இல்லாமல் உடுமலையில் மேடை போடக்கூடாது என்கிறேன் நான். தபலாக்காரர் எதற்கும் தயார், ஒத்திகைக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும் என்கிறார். பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பேசி முடித்துவிடுவோம்.