பாஸ்வேர்டு மேனேஜர் தெரிவு: ஒரு சுவடியியல் நோக்கு

சங்க நூல்களின் காலத்தைப் பற்றி நம் அறிஞர்கள் நூறு வருடத்துக்கு மேல் சண்டை போட்டாயிற்று. நம் வீட்டு பீரோவில், பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் குடியிருக்கும் பாஸ்வேர்டுகளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அக்குறை களையவே இவ்வாய்வு எழுந்தது. சொந்த உபயோகத்துக்கு எந்தப் பாஸ்வேர்டு மேனேஜரைக் கொள்வது என்பது ஆய்வுச் சிக்கல். நடுத்தர வர்க்கத்துத் தமிழ்க் குடும்பம் ஆய்வுக்களம். அலுவலகங்கள் இதன் எல்லைக்குள் வாரா. அங்கே மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் தாளில் எல்லாமே ஒட்டியிருப்பதால் ஆய்வாளருக்கு வேலையில்லை.

மூலச்சுவடி விளக்கம்

கிடைத்துள்ள மூலங்களுள் தலையாயது டைரி. நகைக்கடையோ ஜவுளிக்கடையோ புத்தாண்டுக்குக் கொடுத்தது. முன் பாதியில் பால் கணக்கு, நடுவில் வெற்றுத்தாள், கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டு. அப்பக்கத்துக்குப் ‘பாஸ்வேர்டு’ என்று தலைப்பிட்டால் திருடன் கண்டுகொள்வான் என்பதால் ‘முக்கியம்’ என்று தலைப்பிட்டு இரண்டு அடிக்கோடு போடுவது மரபு.

நடை, சூத்திர நடை. “ரயில்: பழையதேதான், கடைசியில் 2” என்பது போல ஒரு வரி வரும். உரையாசிரியர் துணையின்றி இதற்குப் பொருள் காண இயலாது. ‘பழையது’ என்றது எதை? மகள் பெயரும் பிறந்த வருடமும் என்பது வீட்டுக்காரர் கொள்கை. விற்றுவிட்ட ஸ்கூட்டரின் நம்பர் என்பது வீட்டம்மாள் துணிபு. இரண்டையும் அடித்துப் பார்த்தால் மூன்றாம் தடவையில் கணக்கு பூட்டிக்கொள்ளும். ஆகவே இது தீராத வழக்கு.

அடுத்து பாடபேதம். ஆங்கில ஓ எழுத்தா, சைபரா? ஒன்றா, சின்ன எல்லா, பெரிய ஐயா? ஏடு பெயர்த்தெழுதுவோர் எக்காலத்தும் செய்துவந்த பிழைதான் இது. பழைய இலக்கியத்தில் பாடம் மாறினால் பொருள் கொஞ்சம் மாறும். இங்கே பணம் வராது. பச்சை மையில் மருமகன் கைப்பட எழுதிய இடைச்செருகல்கள் தனி. அடித்து எழுதிய இடத்தில் மேலே எழுதியதே ஏற்புடைய பாடம் என்று தோன்றும். ஆனால் இச்சுவடியில் அடிபட்ட பாடம்தான் சில சமயம் கதவைத் திறக்கிறது. பதிப்பாசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

டைரியைக் கேலி செய்வது இவ்வாய்வின் நோக்கமன்று. வேற்றுநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் மாம்பலத்து பீரோவில் கை வைக்க முடியாது. பாதுகாப்புத் துறையில் பெயர்பெற்ற ப்ரூஸ் ஷ்னையர் 2005-லேயே, நல்ல பாஸ்வேர்டாக வைத்துக்கொண்டு அதைத் தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள் என்றார். நம் பெரியவர்கள் அவரைப் படிக்காமலே பாதி வழி வந்துவிட்டார்கள். ‘நல்ல பாஸ்வேர்டாக’ என்ற பாதிதான் பாக்கி.

முன்னோர் வரலாறு

கணிப்பொறிக்குப் பாஸ்வேர்டு வந்தது 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் ஒரே இயந்திரத்தைப் பலர் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஆளுக்கொரு பூட்டு தேவைப்பட்டது. பூட்டு வந்த சூட்டோடு திருட்டும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் இயந்திரம் ஒதுக்கியிருந்தார்கள். அது போதாமல் 1962-ல், பாஸ்வேர்டு கோப்பை அச்சிட்டுத் தரும்படி துளை அட்டையில் ஒரு கோரிக்கை போட்டார். இயந்திரம் மறுபேச்சின்றி அச்சிட்டுத் தந்தது. ஆக, இத்துறையின் ஆதித் திருடர் பிஎச்.டி. முடிக்கும் அவசரத்தில் இருந்தவர். ஆய்வாளர் உலகம் இதற்கு வெட்கப்படுவதா, பெருமைப்படுவதா என்பது தனி ஆய்வுக்குரியது. 1966-ல் அதே அமைப்பில் இரண்டு கோப்புகள் இடம் மாறிவிட, உள்ளே நுழைந்தவர்க்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவரின் பாஸ்வேர்டும் அச்சாகி வந்தது.

இந்தியத் தொடர்பு காட்டாமல் நம் ஊரில் ஆய்வேடு செல்லுபடியாகாது. அதற்கும் வழி இருக்கிறது. 1967-ல் வடக்கு லண்டனின் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி வைத்த பணம் தரும் இயந்திரத்தின் பின்னால் இருந்த ஜான் ஷெப்பர்டு-பேரன் பிறந்த ஊர் ஷில்லாங். ரகசிய எண்ணை 6 இலக்கமாக வைக்க நினைத்தாராம். தனக்கு 4 இலக்கத்துக்கு மேல் நினைவில் நிற்காது என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். அவரே பின்னாளில் சொன்ன கதை இது. மனித நினைவின் எல்லை சமையலறை மேஜையில் அன்றே முடிவாகிவிட்டது.

அந்த முடிவை மதியாதவர் பில் பர். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றியபோது 2003-ல், பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும், அவ்வப்போது மாற்றவும் வேண்டும் என்று வழிகாட்டினார். உலகமே பின்பற்றியது. விளைவு? மக்கள் பழைய பாஸ்வேர்டின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் 1 போட்டார்கள். அடுத்த முறை 2, அதற்கடுத்த முறை 3. நம் மூலச்சுவடியில் கண்ட ‘கடைசியில் 2’ இவ்வாறு உருப்பெற்றதே. எண்ணை வைத்தே சுவடியின் காலத்தைக் கணித்துவிடலாம் என்பது இவ்வாய்வின் சிறு பங்களிப்பு. 2017-ல் அந்நிறுவனமே விதிகளைத் திருத்தி, காரணமின்றி மாற்றச் சொல்லாதீர், நீளமே முக்கியம் என்றது. பர்ரும் அதே வருடம், செய்ததில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். சில இணையதளங்களுக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஏகவாதிகள்

எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு என்ற கொள்கையினரை ஏகவாதிகள் என்று அழைக்கலாம். குடும்பத்தில் இவர்களே பெரும்பான்மை. இவர்கள் வாதம்: “நம்ம கணக்குல என்ன இருக்கு, எவன் வரப்போறான்?”

வருவது ஆளல்ல, பட்டியல். 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள், எந்தக் குறியாக்கமும் இன்றி அப்படியே வெளியேறின. அவற்றில் முதலிடம் பிடித்தது 123456. இப்படி ஒரு தளத்தில் சிந்தியதை எடுத்து, அதே மின்னஞ்சல், அதே பாஸ்வேர்டு என்று நூறு தளங்களின் கதவில் இயந்திரத்தைக் கொண்டு அடித்துப் பார்ப்பார்கள். யாரோ நடத்திய பிரியாணி ஆர்டர் செய்யும் ஆப்பில் சிந்தியது வங்கிக் கதவைத் திறக்கும். ஓ.டி.பி. இருக்கிறதே என்பார்கள். அதை மின்னஞ்சலுக்குப் பலர் போட்டு வைக்கவில்லை.

இங்கே இ-ஆதாரின் பூட்டைக் குறிப்பிடாமல் போக மனமில்லை. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பின் பிறந்த வருடம். நாட்டு மக்கள் அனைவருக்கும் ஒரே சூத்திரம். இதைப் பார்த்துத்தான் நம்மவர் பாஸ்வேர்டு செய்யக் கற்றார்களா, நம்மவரைப் பார்த்துத்தான் அந்தச் சூத்திரம் வந்ததா என்பது ஆய்வாளரை உறங்கவிடாத கேள்வி.

பெட்டகங்களின் ஒப்பாய்வு

இனி சிக்கலுக்கு வருவோம். பாஸ்வேர்டு மேனேஜர் என்பது ஒரு பெட்டகம். ஒவ்வொரு தளத்துக்கும் மனிதப் பிறவி நினைவில் வைக்க முடியாத நீளப் பாஸ்வேர்டை அதுவே உண்டாக்கி, குறியாக்கம் செய்து வைத்துக்கொள்ளும். நாம் நினைவில் வைப்பது பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்றை மட்டும். ஆக இங்கும் ஒன்றுதான், ஏகவாதிகள் சமாதானமடையலாம்.

அதன் பெரிய குணத்தை விளம்பரக்காரர்கள்கூடச் சரியாகச் சொல்வதில்லை. அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். “உங்கள் கே.ஒய்.சி. இன்றோடு முடிகிறது” என்று வந்த எஸ்.எம்.எஸ்.ஸைத் தட்டினால் திறக்கும் போலி வங்கிப் பக்கம் நம் கண்ணுக்கு அசலாகவே தெரியும். பெட்டகத்துக்கு லோகோவும் நிறமும் தெரியாது. முகவரியில் ஓரெழுத்து பிசகினாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அது நிரப்ப மறுத்தால், திட்டாமல் முகவரியை ஒருமுறை படியுங்கள்.

எதைக் கொள்வது? போனில் கூகுளோ ஆப்பிளோ தாமே வைத்திருப்பது சும்மா கிடைக்கிறது. ஒன்றுமே இல்லாதவருக்கு இதுவே பெரும் முன்னேற்றம். ஆண்ட்ராய்டு போன், ஆப்பிள் லேப்டாப் என்று கலப்புக் குடும்பமாக இருந்தால் இழுபறிதான். 2003-ல் வந்த கீபாஸ் தன் கோப்பை நம் கையிலேயே கொடுத்துவிடும். காசு கிடையாது, ஆனால் அதைக் காப்பதும் நகலெடுப்பதும் நம் பொறுப்பு. ஹார்டு டிஸ்கைத் தூசு தட்டி நகலெடுக்கும் வழக்கமுள்ள மாமா உள்ள வீட்டுக்கு உகந்தது. ஒன்பாஸ்வேர்டு நயமானது, இலவசம் கிடையாது. பிட்வார்டன் 2016-ல் வந்தது, திறமூலம், எத்தனை கருவியானாலும் அடிப்படைச் சேவைக்குக் காசில்லை. லாஸ்ட்பாஸ் கதையை மறக்க வேண்டாம்: 2022-ல் வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களையே தூக்கிப் போனார்கள். பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில் இருந்தன. எந்தெந்தத் தளத்துக்கு என்ற முகவரிகள் திறந்தே கிடந்தன. மாஸ்டர் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தவர்களின் பெட்டகத்தைத் திருடன் சாவகாசமாக உட்கார்ந்து உடைக்கலாம்.

எனவே எல்லாம் மாஸ்டர் பாஸ்வேர்டில் வந்து நிற்கிறது. முதல் குறளை ஆங்கில எழுத்தில் அடித்து வைப்பவர்கள் உண்டு. உலகப்பொதுமறையை ரகசியமாக வைப்பது எங்ஙனம்? 1995-ல் ஆர்னால்டு ரெயின்ஹோல்டு சொன்ன வழி நல்லது. ஆறுமுகப் பகடையை ஐந்து முறை உருட்டினால் 7776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். ஆறு சொல் சேர்த்தால், எதிரி தேட வேண்டிய சேர்க்கைகள் 2-க்குப் பின் 23 சைபர் போட்ட அளவு. நாமே யோசித்து எடுக்கக் கூடாது; நம் மூளை மகள் பெயருக்குத்தான் திரும்பும். தாயக்கட்டை உதவுமா என்று கேட்பீர்கள். அதற்கு நான்கு பக்கம்தான். ஒரே கட்டையை ஆறு முறை உருட்டினால் 4096 வரை போகலாம். பட்டியலைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தால், பெட்டகம் செய்த நிறுவனமே நினைத்தாலும் திறக்க முடியாத ஏற்பாடு பிட்வார்டன் போன்றவற்றில் உண்டு. குடும்பத் தலைவர் திடீரென்று போய்விட்டாலும் இதே கதி. மின் கட்டணம், இன்ஷூரன்ஸ், பேரன் பேத்தி போட்டோ எல்லாம் உள்ளே. வாரிசுச் சான்றிதழைக் காட்டினாலும் அந்தப் பெட்டகம் மசியாது. இதற்கு ஒன்பாஸ்வேர்டு சொல்லும் தீர்வைக் கேளுங்கள்: 34 எழுத்துள்ள ரகசியச் சாவியைத் தாளில் அச்சிட்டு, மாஸ்டர் பாஸ்வேர்டையும் அதில் பேனாவால் எழுதி, பத்திரமான இடத்தில் வையுங்கள் என்கிறது.

அதாவது பீரோவில்.

ஆகவே தீர்ப்பு இது. பெரும்பாலான வீடுகளுக்கு பிட்வார்டன். அதுவும் வேண்டாம் என்பவருக்குப் போனில் உள்ளதே போதும். மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஒப்பிடுகிற காலமெல்லாம் ‘கடைசியில் 2’தான் ஓடிக்கொண்டிருக்கும். மாஸ்டர் பாஸ்வேர்டை அடித்தல் திருத்தலின்றி, ஓ எது சைபர் எது என்று குறித்து, ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு நகை ரசீதுகளோடு வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு உறை இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். பிறகு முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சலின் பாஸ்வேர்டு. மற்ற கணக்குகளை மீட்கும் கடிதமெல்லாம் அங்கேதான் வரும். அடுத்தது வங்கி. ரயில் டிக்கெட் கணக்கை மெதுவாக மாற்றலாம். தட்கல் திறக்கும் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் மட்டும் அந்த முயற்சி வேண்டாம்.