கையில் கட்டும் கரி மை

கேள்வி: கார்பன் மையால் அச்சடித்த பட்டையைக் கையில் கட்டிக்கொண்டால், உடம்புச் சூட்டிலேயே செல்போன் சார்ஜ் ஆகிவிடுமாமே?

பதில்: ஆகும், அனுமார் வால் நீளத்துக்குக் கை இருந்தால்!

ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால் சில பொருள்களில் மின்னழுத்தம் பிறக்கும். 1821-ல் பெர்லினில் தாமஸ் சீபெக் இதைக் கண்டார். இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து ஓர் இணைப்பைச் சூடாக்கினார். பக்கத்திலிருந்த திசைகாட்டி முள் திரும்பியது. மனிதர் அதைக் கடைசிவரை காந்த விளைவு என்றே சாதித்தார்!

கார்பன் நானோகுழாய் மையில் டிகிரிக்குச் சில பத்து மைக்ரோவோல்ட்தான் தேறும். 40 என்று வைப்போம். பட்டையின் இரு முனைகளுக்கும் 5 டிகிரி வித்தியாசம் என்றால், 5 வோல்ட்டுக்கு 25,000 துண்டுகளைத் தொடராகக் கோக்க வேண்டும். அப்போதும் சார்ஜ் செய்யப் போதுமான மின்னோட்டம் வராது.

ஆனால் வெப்பத்தை அளக்க ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டே தாராளம். அப்படி அளக்கும் உணரிக்கு பேட்டரி வேண்டாம். சூடே அதன் சம்பளம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையிலேயே காகிதத்திலும் பிளாஸ்டிக் தாளிலும் அச்சடிக்கலாம். மையைப் பிடித்துவைக்க மரத்திலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் உதவும். இந்த வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் பிஸ்மத் டெல்லூரைடு இதைவிடப் பல மடங்கு அழுத்தம் தரும்தான். ஆனால் வளைத்தால் உடையும், டெல்லூரியமோ அரிய தனிமம்.

சிக்கல் இல்லாமலில்லை. நானோகுழாய் காற்றில் ஆக்சிஜன் பட்டால், நேர்மின் துளைகள் மின்சாரம் கடத்தும் பி-வகையாகிவிடும். அதற்கு ஜோடி சேரும், எலெக்ட்ரான்கள் கடத்தும் என்-வகையை நெடுநாள் நிலைக்கவைப்பதுதான் ஆய்வாளர்களுக்குப் பெரும்பாடு. ஆகவே, சார்ஜரைப் பத்திரமாக வைத்திருங்கள்.