சுவத்துல முளைக்கிற ஆலமரம்

ஏய் பேராண்டி, பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவத்துல காடு வரையப் போறீங்களாமே, பூமி சூடாகுதுன்னு சனங்களுக்குப் புரிய வைக்க. நல்லா வைங்க. சித்திரை வெயில்ல வேப்பமரத்தடியத் தேடி ஓடுற எங்களுக்கு அது இன்னும் தெரியாது பாரு.

மரமும் தண்ணியுமா வரையணும்? ஆலங்குளம்னு ஊர்ப்பேருலயே ஒரு ஆலும் ஒரு குளமும் எழுதித்தான் வச்சிருக்கோம். சிவகாசிக் காலண்டர்ல அருவி கொட்டுறத வருசம் தவறாம ஆணியில மாட்டியிருக்கேன். ஒரு சொட்டு கீழ விழுந்ததில்ல. பச்சைன்னா என்னன்னும் எங்களுக்குத் தெரியும். 2018-ல உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுதான் போடணும், பேரியம் கூடாதுன்னு சொல்லிருச்சு. மத்தாப்புல பச்சை வெளிச்சம் குடுக்குறதே அந்தப் பேரியம்தான். ஆக, பச்சைப் பட்டாசுல பச்சை வரக் கூடாது!

சுவர் இருந்தாத்தான் சித்திரம்பாங்க. அந்தச் சுவர் எதுல எழும்புச்சு? 1970-ல நம்ம ஊருக்கு வந்த அரசு சிமெண்ட் ஆலை இருக்கே, அங்க கேளு. சுண்ணாம்புக்கல்ல 1,450 டிகிரியில வறுக்கணும். உலகம் விடுற கரியமில வாயுவுல நூத்துக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்ட்டுக் கணக்குல வருது; அதுல பாதிக்கு மேல அடுப்புப் புகையில்ல, வெந்த கல்லு விட்ட மூச்சு. அந்தச் சுவத்து மேல பிளாஸ்டிக் பெயிண்ட்ட அப்பி மரம் வரைவியாக்கும்.

லண்டன்ல பேங்க்ஸின்னு ஒருத்தன், 2009-ல கால்வாய்ச் சுவத்துல, பூமி சூடாகுறத நான் நம்பலன்னு எழுதுனானாம். அடி எழுத்து தண்ணிக்குள்ள முங்கிக் கிடந்துச்சாம். மரமும் வரையல, மானும் வரையல. நக்கல் புடிச்ச பய! நம்ம கண்மாய்க் கரையில அப்படி எழுதுனா, எழுத்து முங்க எத்தன ஐப்பசி காத்துக் கெடக்கணுமோ.

வரைஞ்சே தீருவேன்னா, மொதல்ல கல்லுச் சுண்ணாம்ப நீத்து வெள்ளையடி. காயக் காய அது காத்துல இருக்குற அதே கரியமில வாயுவ இழுத்துத்தான் மறுபடி கல்லாகும். காளவாசல்ல விட்ட மூச்சத் திரும்ப வாங்கிக்கும். வெயிலையும் திருப்பி அடிக்கும். உள்ள உக்காந்து படிக்கிற புள்ளைகளுக்குச் சூடு கொறையும். அப்புறமும் கை ஊறுச்சுன்னா, ஓரமா ஒரு அணில் போட்டுக்கோ. திருவில்லிபுத்தூர் மலையில இருக்கே, சாம்பல் அணில், அது. பச்சைப் பெயிண்ட்டுச் செலவு மிச்சம்.

நீத்துன சுண்ணாம்புல ஒரு உருண்டை எனக்கு எடுத்து வைடா. வெத்தலைக்கு ஆகும்.