சோபா எந்தப் பக்கம், மாப்ளே?

வாங்கப்போறேன்னு சொல்லிட்ட, சந்தோசம். டெக்சாசுல வீடு வாங்கின கடனே இன்னும் பேரன் காலம் வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள ஃபிஃப்த் வீல்னு பிக்கப்ல மாட்டி இழுக்குற உருளுற வீடு ஒண்ணு. இருக்கட்டும், சம்பாதிக்கிற பிள்ளை. நீ அனுப்பின படமெல்லாம் பாத்தேன். முன்பக்கம் ஹாலு, ரெண்டு பக்கமும் வெளிய தள்ளிக்கிற சோபா, சுவத்துல டிவி, அதுக்குக் கீழ பொய்யா எரியுற ஒரு கணப்பு. உங்க ஊரு ஆகஸ்ட்டு வெயிலுக்கு அது ரொம்ப அவசியம்தான்! ஆனா சக்கரம் எங்க இருக்குன்னு ஒரு படமாவது எடுத்தியா? எடுக்க மாட்ட. சக்கரத்து மேல யாரு உக்காந்து டிவி பாக்கப்போறா?

இந்த ஃபிஃப்த் வீலு மத்த ட்ரெய்லர் மாதிரி பம்பருக்குப் பின்னால கொக்கியில தொங்குறதில்ல. பிக்கப்போட தொட்டிக்குள்ள, பின் அச்சுக்கு மேலயே ஏறி உக்காந்துக்கும். அதனால இழுக்கையில ஆட்டம் கம்மி. அதுக்குக் கூலி உண்டு. சாதா ட்ரெய்லர் தன் எடையில 10லருந்து 15 சதம் கொக்கி மேல போடும். இது 20 சதம், சிலது 25 சதம் வரைக்கும் உன் வண்டி முதுகுல இறக்கும். கிங்பின் பாரம்னு அதுக்குப் பேரு.

பாரவண்டி ஓட்டினவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். முன்பாரம் ஏறினா மாட்டுக் கழுத்து போச்சு. பின்பாரம் ஏறினா நுகத்தடி மேல தூக்கிக்கும். நாங்க ரெண்டு மூட்டையைத் தள்ளி அடுக்கிட்டுப் போயிருவோம். உனக்கு சோபாவை ஆணியடிச்சுல்ல குடுக்குறான், எங்க தள்ளுவ?

வா, கணக்குப் போடுவோம். நீதான் கணக்குல புலியாச்சே. நீ பாத்தது சாமானோட 14,000 பவுண்டுன்னு வச்சுக்கோ, ஆறேகால் டன்னுக்கு மேல. அஞ்சுல ஒரு பங்கு 2,800. ஹாலை முன்னாடி வச்ச மாடல்ல கூடத்தான் வரும், குறையாது. தொட்டியில மாட்டுற ஹிட்ச் ஒரு 150. நீ, உன் சம்சாரம் அந்தப் புள்ள, ரெண்டு வாண்டு, நாய், எல்லாம் சேந்து 500. ஆச்சா, 3,450. இப்ப உன் பிக்கப்போட டிரைவர் கதவைத் திற. கதவு நிலையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: ஆளும் சரக்கும் சேந்து இத்தனை பவுண்டுக்கு மேல ஏத்தாதேன்னு. உன்னோடது 250 ரக டீசல். அதுல பல வண்டிக்கு அந்த எண்ணு ரெண்டாயிரத்துச் சொச்சம்தான். விக்கிறவன் என்ன சொன்னான், 15,000 பவுண்டு இழுக்கும்னா? இழுக்கும், யாரு இல்லேன்னா? இஞ்சின் இழுக்கும். பின்பக்கத்து ஸ்பிரிங்கும் டயரும்தான் அழும்.

இன்னொண்ணு. கேட்லாக்ல போட்டிருக்கிற கிங்பின் எடை காலி வண்டிக்கு. முன்பக்கத்துக்கு அடியில குறுக்கா ஒரு கிடங்கு விட்டிருப்பான், பாத்துட்டு வாயெல்லாம் பல்லா வந்திருப்ப. நாற்காலி, அடுப்பு, ஜெனரேட்டர், அத்தை கட்டிக்குடுத்த ஊறுகா ஜாடி, எல்லாம் அங்கதான் போகும். அது சக்கரத்துக்கு முன்னால இருக்கு மாப்ளே. அதுல வைக்கிறதுல பெரும்பங்கு நேரா உன் பிக்கப் மேலதான் வந்து இறங்கும்.

அப்ப கனத்தையெல்லாம் வாலுக்குத் தள்ளிரலாம்னு பாக்காத. பின்னாடி அடுப்படி, பெரிய ஃபிரிட்ஜு, அதுக்கும் பின்னால சைக்கிள் மாட்ட கம்பின்னு போனா கிங்பின் லேசாயிரும். அப்புறம் காத்தடிச்சா வால் ஆடும். பின்னால பைக் ஏத்துற கொட்டகை வச்ச டாய் ஹாலர் ஒரு தனி வேடிக்கை. காலியாப் போகையில முன்பாரம் மலைமாதிரி, பைக்கை ஏத்தினதும் இறங்கிக்கும். தண்ணித் தொட்டியும் லேசுப்பட்டதில்ல. 60 கேலன் தண்ணி 500 பவுண்டு. தொட்டி சக்கரத்துக்கு முன்னால இருந்தா கிங்பின்ல ஏறும், பின்னால இருந்தா அங்கருந்து இறங்கும். எங்க இருக்குன்னு கேட்டியா? கப் வைக்கிற ஓட்டை எத்தனைன்னு எண்ணியிருப்ப.

கம்பெனிக்காரனும் மடையன் இல்ல. முன்பக்கம் கனத்தா அச்சைக் கொஞ்சம் முன்னால நகர்த்திச் சமாளிப்பான். அப்ப வால் நீளும். பெட்ரோல் பங்க்ல நீ திரும்புறப்ப அது மறுபக்கம் வீசித் தூணை விசாரிக்கும். அதனால படத்தை மட்டும் பாத்துத் தீர்ப்பு எழுதாம, அச்சுலருந்து வால் வரைக்கும் எத்தனை அடின்னு டேப் பிடி.

அந்தப் புள்ளையையும் கூட்டிட்டுப் போ. வெளிய தள்ளுற சுவரையெல்லாம் உள்ள இழுத்து மூடச் சொல்லு. ஓட்டுறப்ப வீடு அப்படித்தான் இருக்கும். அந்த நிலையில கக்கூஸ் கதவு திறக்குதா, ஃபிரிட்ஜுலருந்து பால் எடுக்க முடியுதான்னு பாரு. திறக்கலேன்னா வழிநெடுக யாரு பேச்சு வாங்கணும்? நான் இல்ல.

என்னைக் கேட்டா, நீ வச்சிருக்கிற பிக்கப்புக்கு முன்ஹாலே ஆகாது. அது பின்னால நாலு டயர் போட்ட 350 வச்சிருக்கவனுக்கு. நீ 10,000 பவுண்டுக்குள்ள, அடுப்படியும் ஃபிரிட்ஜும் சக்கரத்து மேலயே வர்ற மாதிரி நடுவுல வச்சது பாரு. அதுலயும் கிங்பின் பாரத்தையும் ஆளுங்க எடையையும் கூட்டிப் பாத்துட்டு, ஸ்டிக்கருக்குள்ள வந்தா முன்பணம் குடு.

என்னது, முன்பணம் குடுத்தாச்சா? எல்லாத்தையும் செஞ்சிட்டுத்தான் யோசனை கேப்ப, தெரியும். சரி, கேளு. குடும்பத்தோட, சாமானோட, தண்ணியோட லாரிக்காரங்க நிக்கிற இடத்துல இருக்கிற எடைமேடைக்குப் போ. முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சுன்னு மூணு எடையும் தனித்தனியா சீட்டுல வரும். ட்ரெய்லரைக் கழட்டி விட்டுட்டு அதே ஆளுங்களோட பிக்கப்பை மட்டும் இன்னொரு தடவை ஏத்து. முதல் சீட்டுல பிக்கப்போட ரெண்டு அச்சையும் கூட்டி, அதுலருந்து இதைக் கழி. மிச்சம் எவ்வளவோ அதுதான் கிங்பின் பாரம். அதை எனக்குப் போன்ல சொல்லு. அதுவரைக்கும் மலைப்பாதைப் பக்கம் போகாத.