பங்களா வாங்கிய மருமகன்

பர்ச்சிங்டன்,
கென்ட், இங்கிலாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

  

கும்பாபிஷேக நோட்டீஸைத் தம்பி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். உபயதாரர் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் ‘லண்டன் பங்களா’ என்று பட்டம் கட்டி, எதிரே ஒரு லட்சம் என்று அச்சடித்திருக்கிறார்கள். இது யாருடைய கைங்கரியம் என்று நான் கேட்கப்போவதில்லை. பங்களா வாங்கியது உண்மைதான். தரகர் விளம்பரத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் கமிட்டிக்காரர்கள் ரசீது புத்தகத்தைத் திறப்பதற்குள் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், இது லண்டன் இல்லை. ரயிலேறினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டாவது, இந்த நாட்டில் பங்களா என்றால் மாடி இல்லாத வீடு. அவ்வளவுதான். சினிமாவில் சில்க் கவுனும் பைப்புமாக ரங்காராவ் மாடியிலிருந்து இறங்கி வருவாரே, அந்தப் படத்தை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். இங்கே இறங்கி வர மாடிப்படியே கிடையாது. இரண்டு பெட்ரூம், ஒரு ஹால், பின்னால் துணி காயப்போட ஒரு கொல்லை. 25 வருஷக் கடன். நீங்கள் இருக்கும் வீட்டில் முற்றத்துக்குத் தெற்கே இருக்கும் பகுதியை மட்டும் அறுத்து எடுத்தால் என் பங்களா ஆகிவிடும். அதை நீங்கள் வெறும் வீடு என்றுதான் சொல்கிறீர்கள்!

இந்தச் சொல் போன போக்கைப் பார்த்தால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையே வருகிறது. பங்களா என்றால் ‘வங்காளத்து’ என்று பொருள். பங்களாதேஷில் இருப்பதும் இதே பங்களாதான். வங்காளத்துக் கிராமத்தில் கூரை வளைந்து இறங்கும் குடிசைக்கு அந்தப் பெயர். ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் 1676ஆம் வருஷத்து நாட்குறிப்பில் இந்தச் சொல் வருகிறது. கம்பெனிப் படகுகளில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் தங்கக் குடிசை போட்டுக்கொடுப்பதைப் பற்றிய குறிப்பு அது. அப்போது பங்களாவுக்கும் குடிசைக்கும் வித்தியாசம் இல்லை.

பிறகு துரைமார்கள் அதில் குடியேறினார்கள். சுற்றிலும் தாழ்வாரம், நடுவில் உயரமான கூடம், வெளியே காம்பவுண்டு, பங்கா இழுக்க ஓர் ஆள் என்று குடிசைக்கு யோகம் அடித்தது. சாலை நெடுக டிராவலர்ஸ் பங்களாக்கள் வந்தன. மலைமேல் எஸ்டேட் பங்களாக்கள். துரை போன பிறகு மிராசுதாரும், மிராசுதாருக்குப் பிறகு சினிமாக்காரர்களும் பேயும் குடியேறியது உங்களுக்கே தெரியும்.

அதே சொல் கப்பலேறி இங்கே வந்த கதைதான் எனக்குப் பிடித்தது. இங்கிலாந்தின் முதல் பங்களாக்கள் கட்டப்பட்டது எனக்கு அடுத்த ஊரான வெஸ்ட்கேட்டில், 1869–70 வாக்கில். ஜான் டெய்லர் என்ற கட்டடக் கலைஞர் கட்டினார். முதல் பங்களாவை வாங்கியவர் எராஸ்மஸ் வில்சன் என்ற தோல் மருத்துவர். எகிப்திலிருந்து ‘கிளியோபாட்ராவின் ஊசி’ என்ற கல்தூணை லண்டனுக்குக் கொண்டுவரத் தன் கைக்காசு பத்தாயிரம் பவுண்டு கொடுத்தவர். ஆகவே பங்களா வைத்திருப்பவனிடம் நன்கொடை கேட்கும் வழக்கத்தை நம் கமிட்டி கண்டுபிடிக்கவில்லை. வில்சனிடம் பணம் இருந்தது, என்னிடம் இல்லை என்பது மட்டும்தான் வேறுபாடு.

அடுத்து எங்கள் ஊரிலும் கட்டினார்கள். ராசெட்டி என்ற ஓவியர், பெரிய கவிஞரும்கூட, உடம்பு தேறுவதற்காக இங்கே ஒரு பங்களாவில் வந்து தங்கினார். தேறவில்லை. 1882இல் இங்கேயே காலமானார். சர்ச் வாசலில் அடக்கம். பிற்காலத்தில் பணி ஓய்வு பெற்றவர்கள் வந்து சேரும் இடமாகவே இந்தக் கடற்கரை ஆகிவிட்டது. மாடி ஏற முடியாதவர்களுக்கான வீடு என்று பங்களாவுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் தெருவில் நாங்கள்தான் இளசுகள். மாலையில் வேலியருகே நின்றால் காதில் விழுவதெல்லாம் யாருக்கு இடது முட்டி மாற்றினார்கள், யாருக்கு வலது முட்டி மாற்றினார்கள் என்பதுதான்.

பக்கத்து வீட்டுத் தாத்தா சொல்லும் பெயர்க் காரணம் வேறு. பாதி கட்டும்போது செங்கல் தீர்ந்துவிட்டதாம். மேஸ்திரி அலுத்துப்போய், ‘பங் எ லோ ரூஃப்’, அதாவது ‘தாழ்வா ஒரு கூரையைத் தூக்கிப் போட்டு முடிங்கப்பா’ என்றாராம். வங்காளத்துக் கதையை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். மறுநாள் தபால்காரரிடம் செங்கல் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒருவரை ‘பங்களா’ என்று சொன்னால் சந்தோஷப்படக் கூடாது மாமா. மேல்மாடி காலி என்று அர்த்தம். நோட்டீஸில் எனக்குக் கொடுத்த பட்டத்தை எங்கள் ஆபீஸ்காரர்கள் பார்த்தால் என்ன ஆகும், யோசியுங்கள். இது போதாதென்று, கூரைக்குள் இரண்டு அறை வைத்துக் கட்டிய பங்களாவும் விற்கிறார்கள். மாடி இல்லாத வீட்டுக்கு மாடி! அதற்கு ‘ஷாலே பங்களா’ என்று பெயர் வைத்துக் கூடுதலாகப் பணம் கேட்கிறார்கள்.

அமெரிக்கா போனால் கணக்கு வேறு. சிகாகோவில் மட்டும் ஏறத்தாழ 80,000 செங்கல் பங்களாக்கள். 1910 முதல் 1940 வரை தொழிலாளிக் குடும்பங்கள் வாங்கியவை. சியர்ஸ் கம்பெனி பங்களாவைப் பலகை பலகையாக ரயிலில் அனுப்பி வைத்தது. நம் சின்னையா மகன் இருக்கும் சிங்கப்பூரிலோ ‘குட் கிளாஸ் பங்களா’ என்று அரசாங்கமே ஒரு வகை வைத்திருக்கிறது. மனை குறைந்தது 1,400 சதுர மீட்டர், நம் கணக்கில் 34 சென்ட்டுக்கு மேல். கமிட்டிக்காரர்கள் வசூலுக்குப் போகவேண்டிய விலாசம் அந்தத் தெருக்கள்தான். சின்னையா மகன் அங்கே இல்லை, அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் இருக்கிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவனை விட்டுவிடுங்கள்.

என் பங்குக்கு 5,001 ரூபாய் தம்பி கணக்கில் போட்டிருக்கிறேன். மீதிக்குக் கமிட்டியை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

அத்தைக்கு முட்டி வலி குறையவில்லை என்று தம்பி சொன்னான். இந்த வீட்டில் வாசலில்கூட ஒரு படி கிடையாது. பேச்சுத் துணைக்குத் தெரு முழுக்க முட்டி வலிக்காரர்கள். ஜூலையில் இருவரும் வாருங்கள். விசாவுக்கு வேண்டிய கடிதத்தை நான் அனுப்புகிறேன். ஜூலைதான் கோடைக்காலம் என்றாலும் ஸ்வெட்டர் கட்டாயம் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்